ஏசி இல்லாத அறை, 400 ஜிபி காப்பி: சூடு ஏறாத எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் எது?

மலைக்கோட்டை கேமரா கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். திருச்சியில் சின்ன ஸ்டுடியோ. ஒரு கல்யாணம் முடிந்தால் போட்டோவும் வீடியோவுமாக 350 முதல் 400 ஜிபி சேரும். எடிட்டிங் கம்ப்யூட்டரில் இருந்து அதை எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்கு ஏற்றி வைப்பது வழக்கம். இப்போது இருப்பது 5 டிபி, கையடக்க 2.5 அங்குல டிஸ்க். ப்ளாஸ்டிக் உடம்பு, அதற்கு மேல் அடி தாங்க ஒரு சிலிக்கான் உறை. அறை மொட்டைமாடிக்கு நேர் கீழே. ஏசி கிடையாது, சீலிங் ஃபேன் மட்டும். கத்திரி வெயிலில் மதியம் அறைக்குள்ளேயே 37 டிகிரி.

காப்பி தொடங்கியதும் முதல் 20 நிமிடம் நொடிக்கு 110 எம்பி போகிறது. அப்புறம் 25, 30 என்று படுத்துவிடுகிறது. மொத்தமும் முடிய 3 மணி நேரம். அதற்குள், டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ சாஃப்ட்வேர் 58 டிகிரி என்று சிவப்பில் காட்டுகிறது. சில சமயம் நடுவிலேயே டிஸ்க் காணாமல் போய், ஒரு நிமிடத்தில் தானாகத் திரும்பி வருகிறது.

புதிதாக ஒன்று வாங்கலாம் என்று இருக்கிறேன். எந்தக் கம்பெனி டிஸ்க் சூடாகாமல் ஓடும்? மெட்டல் பாடி என்றால் உண்மையிலேயே வித்தியாசம் உண்டா? பேசாமல் எஸ்எஸ்டிக்கே (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிப்பது) போய்விடலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

தட்டுச்சுழலி:

கம்பெனி பெயரை வைத்துத் தேடினால் விடை கிடைக்காது. 2.5 அங்குல ஹார்ட் டிஸ்க் செய்வதே சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா ஆகிய மூவர்தான். வேறு எந்தப் பெயரில் வந்தாலும் இந்த மூன்றில் ஒன்றை உள்ளே வைத்த டப்பா அது.

முதலில் அந்த 58-ஐப் பிரித்துப் பாருங்கள். அறை 37, டிஸ்க் 58. அறையைவிட 21 டிகிரி கூடுதல். இந்த 21-தான் டிஸ்க்கும் டப்பாவும் சேர்ந்து செய்த வேலை, மீதி வெயிலின் வேலை. இதே டிஸ்க், இதே காப்பி, அறை 27 டிகிரி இருக்கும் மார்கழியில் 48 காட்டும், நீங்களும் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டீர்கள். ஆகவே யாராவது "என்னுடையது 42-ஐத் தாண்டாது" என்று சொன்னால், அறை எத்தனை டிகிரி என்று திருப்பிக் கேளுங்கள். அது தெரியாமல் அந்த எண்ணால் ஒரு பயனும் இல்லை.

டிஸ்க்கின் தொழில்நுட்பத் தாளில் 60 டிகிரி வரை ஓடும் என்று போட்டிருக்கும். அது டிஸ்க்கின் சொந்த வெப்பநிலை. டப்பாவோடு விற்கும், வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை பாஸ்போர்ட் மாதிரியானவற்றின் தாளில் சுற்றியுள்ள காற்று 5 முதல் 35 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்று இருக்கும். உங்கள் அறையில் டிஸ்க்கைச் செருகும் முன்பே அந்த வரம்பு தாண்டியாயிற்று.

இனி அந்த 21 எங்கிருந்து வருகிறது என்பது.

5 டிபி கையடக்க டிஸ்க்குக்குள் 5 தட்டுகள் இருக்கும். கனம் 15 மிமீ. 2 டிபி டிஸ்க்கில் இரண்டே தட்டு, 7 மிமீ. தட்டு கூடக் கூட, சுழலும்போது காற்றோடு உரசும் பரப்பு கூடும், மோட்டார் இழுக்கும் மின்சாரமும் கூடும். இருந்தாலும் கையடக்க டிஸ்க் எழுதும்போது தின்பது 2 வாட் சொச்சம்தான், பெரிய தொகை இல்லை. உங்கள் விஷயத்தில் தொந்தரவு தருவது வாட் இல்லை, நேரம்.

இந்த அளவு கையடக்க டிஸ்க்குகள் எல்லாமே எஸ்எம்ஆர் முறையில் எழுதுபவை. ஓட்டுக்கூரையில் ஓடு மேல் ஓடு ஏறி உட்காருவதுபோல ஒரு தடத்தின் ஓரத்தின் மேல் அடுத்த தடம் ஏறியிருக்கும். நடுவில் ஒன்றை மாற்ற வேண்டுமானால் அந்தத் தொகுதியில் இருக்கும் எல்லாவற்றையும் படித்து, திரும்ப எழுத வேண்டும். இதைச் சமாளிக்க, தட்டின் ஒரு பகுதியைச் சாதாரண முறையில் ஒதுக்கி, வருவதையெல்லாம் முதலில் அங்கே கொட்டிவிடும். அந்த இடம் நிறையும்வரை 110. நிறைந்ததும் ஒருபக்கம் வாங்கிக்கொண்டே மறுபக்கம் இடம் மாற்ற வேண்டியிருக்கிறது, வேகம் 25-க்கு விழுகிறது. அப்போது டிஸ்க் சும்மா இருக்கவில்லை. தட்டில் எழுதும் தலை அங்கும் இங்கும் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கிறது, நேராக ஒரே சீராக எழுதுவதைவிட அதற்குத்தான் மின்சாரம் அதிகம். 1 மணி நேரத்தில் முடிய வேண்டிய காப்பி 3 மணி நேரம் ஆனதும், சூடு 58-க்கு ஏறியதும் ஒரே காரணத்தால்தான்.

இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை. காப்பி நூறு சதவீதம் என்று காட்டினாலும் டிஸ்க்குக்குள் இடமாற்றம் ஓடிக்கொண்டே இருக்கும். கையை வைத்தால் மெல்லிய அதிர்வு தெரியும். உடனே பிடுங்கினால் அடுத்த தடவை அந்த ஒதுக்கிடம் பாதி நிறைந்த நிலையில் தொடங்கும், 20 நிமிடம் கிடைத்த வேகம் 5 நிமிடத்தில் போய்விடும். அதிர்வு நிற்கும்வரை மின்சாரத்தோடு விட்டுவையுங்கள்.

மெட்டல் பாடி பற்றி: டிஸ்க்கின் உடம்பு அந்த மெட்டலைத் தொட்டுக்கொண்டிருந்தால் பயன் உண்டு. பல கையடக்க டிஸ்க்குகளில் வெளியே தெரிவது ப்ளாஸ்டிக் கூட்டின் மேல் ஒட்டிய மெல்லிய அலுமினியத் தகடு, உள்ளே டிஸ்க்கைச் சுற்றி ரப்பர் பட்டை. சூடு வெளியே வர வழியே இல்லாதபோது தகடு வெறும் அழகுதான். தொட்டால் "ஜில்" என்று இருக்கும் டப்பா நல்ல டப்பா என்று நினைக்க வேண்டாம். உள்ளே 55 இருக்கும்போது வெளியே ஜில் என்றால், சூடு உள்ளேயே அடைபட்டிருக்கிறது என்று பொருள்.

என் தேர்வு: ஸ்டுடியோவை விட்டு நகராத பேக்கப்புக்கு 3.5 அங்குல, நிமிடத்துக்கு 5400 சுற்று, சிஎம்ஆர் (தடத்தின் மேல் தடம் ஏறாத சாதாரண முறை) டிஸ்க். அதைக் காற்றோட்டமுள்ள தனி டப்பாவில் போடுங்கள். எழுதும்போது 5 வாட் அருகே தின்னும், கையடக்க டிஸ்க்கைவிட இரண்டு மடங்கு. ஆனாலும் உடம்பு பெரிது, எடை அரை கிலோ அளவு, சூடு பரவ இடம் இருக்கிறது, ஃபேன் வைக்கவும் வழி இருக்கிறது. எஸ்எம்ஆர் போல நடுவில் வேகம் படுக்காது என்பதால் காப்பியும் முக்கால் மணியில் முடியும்.

7200 சுற்று வேண்டாம். தட்டு காற்றோடு உரசும் இழப்பு, சுற்று வேகத்தின் ஏறக்குறைய மூன்றாம் அடுக்கில் ஏறும். 5400-இல் இருந்து 7200 என்பது மூன்றில் ஒரு பங்கு கூடுதல் வேகம்தான், ஆனால் உரசல் இழப்பு இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். பேக்கப்புக்கு அந்த வேகத்தால் ஆவது ஒன்றுமில்லை. பெரிய கொள்ளளவு டிஸ்க்குகளில் காற்றுக்குப் பதில் ஹீலியம் அடைத்திருப்பார்கள். அடர்த்தி காற்றில் ஏழில் ஒரு பங்கு என்பதால் உரசல் குறைவு, 7200 சுற்றிலும் அடங்கி ஓடும். ஆனால் உங்களுக்கு 12, 14 டிபி எல்லாம் தேவைப்படாது.

---

ரிச்சித்தெரு வாடிக்கை:

தட்டுச்சுழலி அண்ணன் சொன்னதை அப்படியே கடையில கேட்டா "5400 சிஎம்ஆரா, அது என்ன சார்"னு முழிப்பாங்க. பேரைச் சொல்லிக் கேளுங்க.

4 டிபில நாலு பேரு ஞாபகம் வச்சுக்கோங்க: டபிள்யூடி (வெஸ்டர்ன் டிஜிட்டல்) ரெட் ப்ளஸ், டபிள்யூடி பர்ப்பிள், சீகேட் ஐயர்ன்உல்ஃப், சீகேட் ஸ்கைஹாக். நாலுமே சிஎம்ஆர், 5400 வகை, 3 வருஷ வாரண்டி. பர்ப்பிளும் ஸ்கைஹாக்கும் சிசிடிவி பதிவுப் பெட்டிக்குன்னு (டிவிஆர்) வர்றது. திருச்சியிலயே எந்த சிசிடிவி கடையிலயும் கிடைக்கும், சென்னைக்கு வர வேண்டாம். "கேமரா டிஸ்க்ல போட்டோ போட்டா கரப்ட் ஆயிடும்"னு ஒரு பேச்சு உண்டு. அதை நம்ப வேண்டாம். டிவிஆர் அனுப்புற தனி ஸ்ட்ரீமிங் கட்டளை வந்தாத்தான் அந்த டிஸ்க் பிழையைக் கண்டுக்காம தாண்டிப் போகும். விண்டோஸ் அந்தக் கட்டளையை அனுப்பாது, அதனால மத்த டிஸ்க் மாதிரியே நடந்துக்கும்.

மாட்டிக்கிற இடம்: "ப்ளஸ்" இல்லாத வெறும் டபிள்யூடி ரெட். 2 முதல் 6 டிபி வரைக்கும் அதுல எஸ்எம்ஆர் வருதுன்னு 2020ல அந்தக் கம்பெனியே ஒத்துக்கிச்சு. அதேபோல சீகேட் பாரகுடா 3.5 இன்ச் 4 டிபி, 8 டிபியும் எஸ்எம்ஆர். விலை கம்மியா இருக்கேன்னு எடுத்துட்டா பழைய கதைதான். ஐயர்ன்உல்ஃப் 8 டிபி எடுத்தா சுத்து 7200 ஆகலாம், அதையும் பார்த்துக்கோங்க. பேரு ஒண்ணா இருந்தாலும் கொள்ளளவு மாறினா உள்ள சுத்து மாறும்.

டப்பா வாங்கும்போது:

அடாப்டர் 12 வோல்ட் 2 ஆம்பியர் இருக்கணும். 3.5 இன்ச் டிஸ்க் சுத்த ஆரம்பிக்கிற அந்த சில நொடில 12 வோல்ட்ல 1.5ல இருந்து 2 ஆம்பியர் வரை இழுக்கும். 1 ஆம்பியர் அடாப்டர் போட்டா டிஸ்க் "டிக்... டிக்..."னு முயற்சி பண்ணிட்டே இருக்கும், கிளம்பாது. எல்லாரும் டிஸ்க் போச்சுன்னு நினைச்சிடுவாங்க.

அலுமினிய டப்பான்னா டிஸ்க்கோட பக்கவாட்டு ஸ்க்ரூ ஓட்டை வழியா டப்பாவோட சேர்த்து முடுக்குற மாதிரி இருக்கணும். உள்ள ஸ்பாஞ்ச் வச்சு ஆடாம நிறுத்துறது வேண்டாம். உள்ள இருக்கிறது தெரியுற ட்ரான்ஸ்பரன்ட் ப்ளாஸ்டிக் டப்பா பார்க்க நல்லா இருக்கும், ஆனா அதுல சூடு போக ஓட்டை இல்ல. 3.5 இன்ச்சுக்கு எடுக்காதீங்க.

ஃபேன் வச்ச டப்பான்னா 80 மிமீ ஃபேன் இருக்கிறதா பாருங்க. 40 மிமீ குட்டி ஃபேன் அதே காத்தைத் தள்ள வேகமா சுத்தணும், அதனால கத்தும். ஒரு வருஷத்துல புஷ் தேஞ்சு நின்னுடும், நின்னதும் தெரியாது.

டிஸ்க்கை நிமிர்த்திச் செருகுற திறந்த டாக்கிங் ஸ்டேஷன் சூட்டுக்கு நல்லது, நாலு பக்கமும் காத்து படும். ஆனா ஓடிட்டு இருக்கும்போது கை பட்டுச் சாஞ்சா டிஸ்க் காலி. ஸ்டுடியோவுல கேபிள் காலைத் தடுக்குற இடம்னா வேண்டாம். பழைய டாக் சிலது 2 டிபிக்கு மேல படிக்காது, அதையும் கேட்டு வாங்குங்க.

கடைக்காரர் "ரீஃபர்பிஷ்டு, பாதி விலை"னு காட்டினா, லேபிள்ல இருக்கிற சீரியல் நம்பரைக் கம்பெனி வெப்சைட்ல போட்டு வாரண்டி தேதி பாருங்க. ஓடின மணி நேரம் பூஜ்யம்னு காட்டுறதை மட்டும் வச்சு நம்பக் கூடாது. அதை அழிச்சு வைக்க முடியும்.

---

நிழற்பெட்டி:

எல்லாரும் ஹார்ட் டிஸ்க்கிலேயே நிற்கிறீர்கள். கணக்குப் போட்டால் எஸ்எஸ்டிதான் குறைந்த சூடு. 2 வாட் சொச்சம் தின்னும் டிஸ்க் 3 மணி நேரம் ஓடினால் வெளிவிடும் வெப்பம் சுமார் 24,000 ஜூல். 2.5 அங்குல சாட்டா (ஹார்ட் டிஸ்க்குக்கு இருக்கும் அதே இணைப்பு) எஸ்எஸ்டி ஒன்றை யூஎஸ்பி டப்பாவில் போட்டு நொடிக்கு 450 எம்பி வேகத்தில் எழுதினால் 400 ஜிபிக்கு 15 நிமிடம். 3.5 வாட் என்று வைத்தாலும் 3,100 ஜூல்தான். ஏழெட்டில் ஒரு பங்கு. சூடு ஏறத் தொடங்கும் முன்பே வேலை முடிந்துவிடும். விழுந்தாலும் கவலை இல்லை.

---

தட்டுச்சுழலி:

நிழற்பெட்டி, கணக்கு சரி. ஆனால் 450 எம்பி வேகத்தில் எழுத வேண்டுமானால் எதிர்முனையும் அந்த வேகத்தில் கொடுக்க வேண்டும். காட்சிகள் கம்ப்யூட்டருக்குள் இன்னொரு ஹார்ட் டிஸ்க்கில் இருந்தால் அது கொடுப்பதே 150 முதல் 180 எம்பி. அப்போது எஸ்எஸ்டிக்கும் 40 நிமிடம்தான். உள்ளே என்விஎம்இ (மதர்போர்டிலேயே செருகும், குச்சி வடிவ வேகமான எஸ்எஸ்டி) வைத்து எடிட் செய்கிறவர்களுக்கு மட்டும் முழு லாபம்.

எஸ்எஸ்டி என்றாலே குளிர்ச்சி என்பதும் இல்லை. சாட்டா வகை அமைதியானது. என்விஎம்இ குச்சியை யூஎஸ்பி டப்பாவில் போட்டுத் தொடர்ந்து எழுதினால் குச்சியும் அதன் இணைப்புச் சிப்பும் சேர்ந்து தீயாகக் கொதிக்கும். 70 டிகிரிக்கு மேல் போனதும் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்படி வாங்குவதானால் இணைப்புச் சிப் ரியல்டெக் ஆர்டிஎல்9210பி உள்ள டப்பாவைப் பாருங்கள். ஜேமைக்ரான் ஜேஎம்எஸ்583 அதைவிடச் சூடாக ஓடும், சும்மா செருகி வைத்தாலே டப்பா வெதுவெதுப்பாக இருக்கும். உள்ளே தரும் தெர்மல் பேட் குச்சியின் சிப்புகளையும் டப்பாவின் மூடியையும் இரண்டு பக்கமும் தொட வேண்டும். மூடியைத் திறந்து பார்த்தால் பேடில் சிப்பின் சதுர அச்சு பதிந்திருக்க வேண்டும். அச்சு இல்லையென்றால் இடையில் காற்றுதான் இருக்கிறது, அரை மிமீ கூடுதல் கனமுள்ள பேட் போடுங்கள்.

விலை மலிவான கியூஎல்சி (ஒரு செல்லில் 4 பிட் அடைக்கும் வகை) எஸ்எஸ்டிகளுக்கும் எஸ்எம்ஆர் போன்ற அதே வியாதி உண்டு. வேகமான ஒதுக்கிடம் நிறைந்ததும் 100 எம்பிக்குக் கீழே போகிற மாடல்கள் இருக்கின்றன. 400 ஜிபியை ஒரே மூச்சில் ஏற்றுகிறவர் டிஎல்சி (செல்லுக்கு 3 பிட்) வகைதான் எடுக்க வேண்டும்.

பீரோவில் வைக்கும் பேக்கப்புக்கு எஸ்எஸ்டியை நான் பரிந்துரைப்பதில்லை. மின்சாரம் இல்லாமல் கிடக்கும்போது அதன் செல்களில் உள்ள மின்னூட்டம் மெல்லக் கசியும், வெப்பம் கூடினால் கசிவும் வேகமாகும். சிப் தொழிலுக்குத் தரம் வகுக்கும் ஜெடெக் அமைப்பின் வரையறை சொல்வது, எழுதும் ஆயுள் முழுக்கத் தீர்ந்த வீட்டு உபயோக எஸ்எஸ்டி 30 டிகிரியில் 1 வருடம் தரவைக் காக்க வேண்டும் என்பதே. புது எஸ்எஸ்டி அதைவிட எத்தனையோ காலம் தாங்கும் என்பது உண்மைதான். ஆனாலும் திருச்சி மொட்டைமாடி அறையில் பீரோவுக்குள் 30 டிகிரி என்பது வருடத்தில் எத்தனை மாதம் கிடைக்கும்? மண்டபத்துக்கும் ஸ்டுடியோவுக்கும் இடையே எடுத்துப்போக எஸ்எஸ்டி, தங்கி இருப்பதற்கு ஹார்ட் டிஸ்க். இரண்டுக்கும் ஒன்றே என்று வாங்கினால் இரண்டு வேலையும் அரைகுறை.

சூட்டைப் பற்றி அளவுக்கு மீறிப் பயப்படவும் வேண்டாம். 2007-இல் கூகுள் ஆய்வாளர்கள் தங்கள் டேட்டா சென்டர்களில் ஓடிய ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட டிஸ்க்குகளைப் பார்த்துக் கட்டுரை எழுதினார்கள். வெப்பத்துக்கும் பழுதுக்கும் எல்லாரும் நினைத்த அளவுக்கு நேரடித் தொடர்பு இல்லை. மிகக் குளிர்ந்து ஓடியவற்றில்தான் பழுது கூடுதலாக இருந்தது. மிக உயர்ந்த வெப்பத்தில், அதுவும் 3 வருடத்துக்கு மேல் வயதான டிஸ்க்குகளில்தான் பழுது ஏறியது. எனவே 30-க்கு இறக்க வேண்டும் என்று பாடுபட வேண்டாம். 37 டிகிரி அறையில் 48, 50-க்குள் நிறுத்தினால் நிம்மதியாக இருக்கலாம். 55-ஐத் தாண்டி மணிக்கணக்கில் நிற்க விடக்கூடாது.

---

கேபிள்காரர்:

நடுவில் டிஸ்க் காணாமல் போவதற்கு யாருமே பதில் சொல்லவில்லையே. அது பெரும்பாலும் சூட்டால் வருவதில்லை. மின்சாரம் அல்லது கேபிள்.

கையடக்க டிஸ்க் கிளம்பும்போது 5 வோல்ட்டில் 1 ஆம்பியர் வரை கேட்கும். யூஎஸ்பி 2 துளையின் கணக்கு 500 மில்லிஆம்பியர், யூஎஸ்பி 3 துளைக்கு 900. கேபினெட் முன்பக்கத் துளையில் செருகினால், அதற்கு மதர்போர்டில் இருந்து உள்ளே ஒரு மெல்லிய வயர் வருகிறது, அதற்கு மேல் உங்கள் கேபிள். இரண்டிலும் வோல்ட் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, டிஸ்க்குக்குப் போய்ச் சேரும்போது 4.5-க்குக் கீழே போனால் அது கையை விரித்துவிடும். கம்ப்யூட்டரின் பின்பக்கம், மதர்போர்டிலேயே இருக்கும் நீலத் துளையில், அரை மீட்டருக்கு மேல் போகாத கேபிளில் செருகுங்கள். ஹப் வேண்டவே வேண்டாம்.

எது காரணம் என்று ஊகிக்க வேண்டியதில்லை, பார்த்தே சொல்லிவிடலாம். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் சி0 என்ற வரிசையின் எண்ணைக் குறித்து வையுங்கள். எண்கள் பதினாறடிமானத்தில் இருக்கும், ஃபங்ஷன் மெனுவில் ரா வேல்யூஸ் என்பதில் பதின்மானத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். டிஸ்க் காணாமல் போய் வந்த பிறகு அந்த எண் கூடியிருந்தால், தலை தட்டின் மேல் இருக்கும்போதே மின்சாரம் போயிருக்கிறது. அப்படியே இருந்தால் மின்சாரம் இருந்தது, இணைப்பு மட்டும் அறுந்திருக்கிறது. அதாவது கேபிள் அல்லது துளை. விண்டோஸ் ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பகுதியில் 157 என்ற எண்ணில் பதிவு இருந்தால் டிஸ்க் திடீரெனப் பிடுங்கப்பட்டதாக விண்டோஸ் எண்ணியிருக்கிறது என்று அர்த்தம்.

கேபிள் மாற்றும்போது ஒரு கவனம். கையடக்க டிஸ்க்கின் அகலமான துளையில் பழைய ஃபோன் சார்ஜர் கேபிளும் பாதியில் நுழையும், வேலையும் செய்யும். ஆனால் யூஎஸ்பி 2 வேகம்தான், 35, 40 எம்பிக்கு மேல் போகாது. ஒரு மணி நேரக் காப்பி மூன்று மணி நேரம் ஆகி, சூடும் அந்த அளவுக்கு நீளும்.

---

மலைக்கோட்டை கேமரா:

எல்லாருக்கும் நன்றி. சிலிக்கான் உறையைக் கழற்றி, பின்பக்கத் துளைக்கு மாற்றி, டிஸ்க்கை இரண்டு பென்சில்களின் மேல் உட்கார வைத்து நேற்று காப்பி போட்டேன். அறை அதே 37. இந்தத் தடவை 52-க்கு மேல் ஏறவில்லை, காணாமலும் போகவில்லை. வேகம் மட்டும் பழையபடி விழுந்தது, அது எஸ்எம்ஆர் என்று புரிந்துகொண்டேன். சி0 எண் கூடவில்லை.

4 டிபி பர்ப்பிளும் அலுமினிய டப்பாவும் எடுக்கப் போகிறேன். இரண்டு சந்தேகம். டப்பாவுக்கு வெளியே ஒரு ஃபேன் வைப்பதானால் எந்தப் பக்கம், எவ்வளவு வேகம்? கொரோனா சமயத்தில் வாங்கிய நெற்றி தெர்மாமீட்டரால் டிஸ்க் டப்பாவை அளந்தால் ஒரு தடவை "லோ" என்கிறது, ஒரு தடவை 34 என்கிறது. சாஃப்ட்வேர் 50 சொல்கிறது. எதை நம்புவது?

---

கேபிள்காரர்:

தெர்மாமீட்டர் முதலில். அதில் உடம்புக்கு ஒன்று, பொருளின் மேற்பரப்புக்கு ஒன்று என்று இரண்டு நிலை இருக்கும். உடம்பு நிலையில் ஏறக்குறைய 32 முதல் 43 டிகிரிக்குள்தான் காட்டும், அதற்கு வெளியே லோ அல்லது ஹை. மோட் பட்டனை அழுத்தி மேற்பரப்பு நிலைக்கு மாற்றுங்கள். அப்படியும் பளபளப்பான அலுமினியத்தை நேராக அளக்கக் கூடாது. அது தன் சூட்டைக் குறைவாகத்தான் கதிர்வீசும், எதிரே இருக்கும் சுவரின் சூட்டைத்தான் பிரதிபலிக்கும். கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு ரூபாய் நாணய அளவுக்கு வெட்டி ஒட்டி, ஐந்து நிமிடம் கழித்து அந்த டேப்பை, ஐந்து சென்டிமீட்டர் தள்ளி நின்று அளந்து பாருங்கள். சாஃப்ட்வேர் சொல்வதைவிட 5 முதல் 10 டிகிரி குறைவாக வரும். அது சரியான கணக்கு, ஒன்று உள்ளே இருக்கிற சூடு, மற்றது மேல்தோல். வித்தியாசம் 15-ஐத் தாண்டினால் டப்பா டிஸ்க்கைச் சரியாகத் தொடவில்லை.

சில டப்பாக்களின் சிப் வெப்பநிலையை வெளியே சொல்லவே சொல்லாது. அப்போது இந்த டேப் முறைதான் கதி.

ஃபேன்: 80 மிமீ, 12 வோல்ட் கேபினெட் ஃபேன். அதை யூஎஸ்பியின் 5 வோல்ட்டில் ஓட்டுங்கள், சத்தமே வராது. கிளம்பாவிட்டால் 5 வோல்ட்டுக்கென்றே விற்கும் யூஎஸ்பி ஃபேன் எடுங்கள். டிஸ்க் டப்பாவின் அகலமான முகத்துக்கு நேரே காற்று படும்படி, ஒரு கையளவு தள்ளி வைத்தால் போதும். சும்மா நிற்கும் காற்றுக்கும் மெதுவாக நகரும் காற்றுக்கும்தான் பெரிய வித்தியாசம், பத்து டிகிரி வரை இறங்கும். அதற்கு மேல் வேகம் கூட்டினால் ஒன்றிரண்டு டிகிரிதான் கிடைக்கும், தூசிதான் கூடுதலாகச் சேரும். ஃபேனை டப்பாவின் மேலேயே உட்கார வைக்காதீர்கள், அதன் அதிர்வு தலைக்குப் போகும். டிஸ்க்குக்கு மின்சாரம் போகும் அதே ஹப்பில் ஃபேனைச் செருகுவதும் கூடாது.

வைக்கும் இடம்: யூபிஎஸ் மேல், ரவுட்டர் மேல், சிபியு பின்பக்கச் சூடான காற்று வரும் இடம், வெயில் படும் ஜன்னல் திட்டு எல்லாம் விலக்கு. சுவரை ஒட்டாமல் நாலு விரல் இடைவெளி விடுங்கள். அவசரத்துக்குச் சிலர் ஃப்ரிட்ஜில் வைக்கிறார்கள், ஐஸ் பையை மேலே வைக்கிறார்கள், அதை மட்டும் செய்யாதீர்கள். வெளியே எடுத்ததும் போர்டின் மேல் நீர் கோத்துக்கொள்ளும். ஏசி மண்டபத்தில் இருந்து புழுக்கமான வெளிக்காற்றுக்கு எடுத்து வந்தாலும் அதே கதைதான். பையை மூடியபடியே அரை மணி வைத்துவிட்டுப் பிறகு செருகுங்கள்.

---

ரிச்சித்தெரு வாடிக்கை:

அண்ணே, புது டிஸ்க் வந்ததும் நேரா கல்யாண ஃபைலை ஏத்திடாதீங்க. எச்2டெஸ்ட்டபிள்யூ மாதிரி டிஸ்க் சோதிக்கிற சாஃப்ட்வேர் ஒண்ணை வச்சு 4 டிபியையும் முழுசா எழுதிப் படிச்சுப் பாருங்க. எழுத மட்டும் 7, 8 மணி நேரம் ஆகும், படிக்கவும் கிட்டத்தட்ட அதே அளவு. கடைசில தட்டோட உள்வட்டத்துக்கு வரும்போது வேகம் பாதியாகும், அது எல்லா டிஸ்க்குக்கும் உள்ளதுதான், பயப்பட வேண்டாம். 3.5 இன்ச் டிஸ்க் கனமானதால சூடு நிலைக்கு வரவே ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். அதனால கடையில பத்து நிமிஷம் ஓட்டிக் காட்டி "பாருங்க, சூடே இல்ல"ன்னு சொல்றது செல்லாது. ரெண்டாவது மணி நேரத்துல அறையைவிட எவ்வளவு கூடுதுன்னு பாருங்க. ஃபேனோட 12க்குள்ள இருந்தா நல்ல டப்பா. 18, 20 போனா டிஸ்க்கைக் குறை சொல்லாதீங்க, டப்பாவைத் திருப்பிக் கொடுங்க. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோல 05, சி5, சி6 மூணு வரிசையும் (தட்டுல பழுதான இடங்களோட கணக்கு) பூஜ்யமா இருக்கணும். ஏதாவது ஒண்ணுல எண் வந்திருந்தா டிஸ்க்கையே மாத்துங்க, ரிட்டர்ன் தேதி முடியறதுக்குள்ள.

---

தட்டுச்சுழலி:

விண்டோஸ் பக்கம் மூன்று வேலை பாக்கி. டிரைவின் மேல் வலது க்ளிக், ப்ராப்பர்ட்டீஸ், அடியில் உள்ளடக்கத்தை இண்டெக்ஸ் செய்ய அனுமதிக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் காப்பி முடிந்த பிறகும் விண்டோஸ் ஆயிரக்கணக்கான போட்டோக்களைத் துழாவிக்கொண்டே இருக்கும். அடுத்து ஆப்டிமைஸ் டிரைவ்ஸ் வாராந்திர அட்டவணையில் இருந்து வெளி டிஸ்க்கை நீக்குங்கள். பழைய 5 டிபி எஸ்எம்ஆர் டிஸ்க்குக்கு இது கட்டாயம், டிஃப்ராக் (சிதறிய கோப்புகளைத் திரும்ப அடுக்கும் வேலை) தொடங்கினால் ராத்திரி முழுக்க வெந்துகொண்டிருக்கும். பவர் ஆப்ஷன்ஸில் ஹார்ட் டிஸ்க்கை அணைக்கும் நேரம் 20 நிமிடத்தில் இருப்பது போதும். 3, 4 நிமிடமாகக் குறைத்தால் சூடு குறையும் என்று நினைப்பார்கள், ஆனால் ஓயாமல் நின்று கிளம்புவதில் மோட்டார்தான் தேயும்.

போட்டோ எடிட் செய்யும் லைட்ரூமின் கேட்டலாக் கோப்பும் ப்ரிவியூக்களும் வெளி டிஸ்க்கில் இருந்தால் உள்ளே மாற்றிவிடுங்கள். லட்சம் குட்டிக் கோப்புகளுக்காகத் தலை அலைவது, பெரிய வீடியோ கோப்பு ஒன்றை நேராக எழுதுவதைவிட டிஸ்க்கைச் சூடாக்கும். பழைய கல்யாணங்களின் ப்ரிவியூவைக் காக்க வேண்டுமானால் ஒரே ஜிப்பாகக் கட்டி ஏற்றுங்கள், சுருக்கம் எதுவும் வேண்டாம், ஸ்டோர் நிலை போதும்.

பழைய 5 டிபியைத் தூக்கிப் போட வேண்டாம். ஒரு தடவை எழுதி, அப்படியே வைத்துப் படிக்க மட்டும் பயன்படும் இரண்டாம் பிரதிக்கு அது பொருத்தம். ஒரே நேரத்தில் 100 ஜிபிக்கு மேல் தள்ளாமல், காலை அறை 30-க்குக் கீழே இருக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். வேகமும் விழாது.